சிரிக்கிற முகமாக ஒன்று

பத்திரிகை ஆசிரியர் அச்சு மிஷின் அறைக்குள் கால் வைத்தது அந்த வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவை. மேலேயிருந்து மணியடித்தால் கீழேயிருந்து ஆள் ஏறிப் போவதுதான் வழக்கம். மை நாற்றம் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. அப்பேர்ப்பட்டவர், ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் வெறும் பாதமுமாக, கையில் ஒரு துண்டுத் தாளை ஆட்டிக்கொண்டு இரும்புப் படிக்கட்டில் தடதடவென்று இறங்கி வந்தார்.

"மேட்டைப் பிடிச்சாச்சுப்பா. மேட்டைப் பிடிச்சாச்சு."

எந்த மேடு என்று யாரும் கேட்கவில்லை. நாற்பது நாளாக அந்த மாலைப் பத்திரிகையில் வேறு சேதியே கிடையாது. நம் ஆட்கள் பாதி ஏறினார்கள், முக்கால் ஏறினார்கள், எதிரி நடுங்குகிறான் என்று தினமும் ஒரு படி ஏற்றி எழுதியதில், ஊரில் கைக்குழந்தை தவிர எல்லோருக்கும் அந்த மேட்டின் வளைவு நெளிவு அத்துப்படி.

மிஷின்காரர் உருளைக்கு மை தடவிக்கொண்டிருந்தார். இருபத்தாறு வருஷம் அந்த மிஷினோடு கத்திக் கத்தி அவருக்குக் காதும் பாதி போய்விட்டது, தொண்டையும் பெரிதாகிவிட்டது. வீட்டில் உப்பு கேட்டாலே தெருமுனைக்குக் கேட்கும். பத்திரிகையைத் தினமும் முப்பதாயிரம் அடிப்பார். ஒன்றைக்கூட உட்கார்ந்து படித்தது கிடையாது. மை சமமாக விழுந்திருக்கிறதா, ஓரம் நேராக வந்திருக்கிறதா என்பதைத்தான் அவர் கண் பார்க்கும். ஆனால் மேடு என்றதும் அவரும் மை தடவுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். மூத்த மகன் படையில் சேர்ந்து பதினாலு மாதம். கடிதம் நின்று ஐந்து மாதம். பெரியவன் அந்த மேட்டில் இருக்கிறானா, வேறெங்காவது இருக்கிறானா, சொல்ல நாதியில்லை.

"மணி பதினொண்ணே கால்," என்றார் ஆசிரியர். "ரெண்டு மணிக்குக் கடையில இருக்கணும். முதல் பக்கத்துல பாதிக்குப் படம்."

"படம் வந்துடுச்சாங்கய்யா?"

"படம் ரயில்ல வந்து சேர நாலு நாள் ஆகும். அதுவரைக்கும் ஜனம் வாயைப் பொளந்துகிட்டு நிக்குமா? நம்ம டிராயர்ல இல்லாததா? சிரிக்கிற முகமா ஒண்ணு எடுத்துப் போடு."

படத்தைத் துத்தநாகத் தகட்டில் அரித்து, அதை ஒரு மரக்கட்டை மேல் ஆணியடித்து வைத்திருப்பார்கள். பிளாக் என்று பேர். ஒரு தடவை அடித்ததைத் துடைத்து டிராயரில் போட்டால் மறுபடி தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம். மந்திரிக்கு ஒரு டிராயர், வெள்ளத்துக்கு ஒரு டிராயர், தீ விபத்துக்கு ஒரு டிராயர். பட்டாளத்துக்கு மட்டும் மூன்று. மூன்று வருஷமாக எந்த ஊரில் வெள்ளம் வந்தாலும் ஒரே பிளாக்தான். தண்ணீர் தண்ணீராகத்தானே இருக்கும், ஒருத்தரும் கேட்கவில்லை.

மிஷின்காரர் மூன்றாவது டிராயரை இழுத்தார். பிளாக்கில் முகம் பார்க்க முடியாது. வலது இடதாக இருக்கும், வெளுப்பும் கருப்பும் மாறிக் கிடக்கும், மேலே பழைய மை வேறு. பெற்றவளே வந்து நின்றாலும் பிள்ளையை அடையாளம் சொல்ல மாட்டாள். அவர் கட்டைவிரலால்தான் பார்ப்பார். வெள்ளையாக வரவேண்டிய இடமெல்லாம் தகட்டில் பள்ளமாக இருக்கும். அதனால் முகத்தின் கீழ்ப்பாதியில் குட்டிக் குட்டிப் பள்ளம் நெருடினால் அது பல். பல் தெரிந்தால் சிரிப்பு. ஒன்றைத் தடவினார், எல்லாம் உம்மென்று இருந்தது. இன்னொன்று ஓரம் நசுங்கியிருந்தது. மூன்றாவது அகலமானது, தேயாதது, ஆறேழு பேர், ஆளாளுக்குப் பல்.

"இது நல்லாச் சிரிக்குதுங்கய்யா."

"போடு போடு."

எழுத்துக் கோத்த சட்டத்தில் பிளாக்கையும் சேர்த்து முடுக்கினார். சக்கரம் சுற்றியது. தரை அதிர்ந்தது. தாள் மடிக்கிற பெண்களின் கைக்கு முன்னால் வாய் ஓட, வாய்க்கு முன்னால் தாள் ஓட, யாரோ ஒருத்தி பாட ஆரம்பித்தாள். மேலேயிருந்து இன்னும் பத்தாயிரம், இன்னும் ஐயாயிரம் என்று மணிக்கு மேல் மணி. வாசலில் பத்திரிகை வாங்க வந்த சைக்கிள்காரர்கள் கட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். மிஷின்காரருக்கு வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கத் தோன்றவில்லை. இத்தனை வருஷத்தில் கை இப்படிப் பறந்ததில்லை. தானே அந்த மேட்டில் ஏறிக் கொடியை நட்டது மாதிரி நெஞ்சு விம்மியது.

உருளையெல்லாம் கழுவிவிட்டு நாலு மணிக்கு அவர் தெருவுக்குள் நுழைந்தபோது, சலூன் வாசலில் தேர்தல் கூட்டம் மாதிரி கூட்டம். சலூன்காரர் ஸ்டூல் மேல் நின்று பத்திரிகையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். பாதி முகம் மழித்த ஒருத்தர் மீதி நுரையோடு வெளியே வந்து நின்று கேட்டார். நடுவில் மிஷின்காரரின் மனைவி. மர அறுவை மில்லில் தூள் அள்ளி மூட்டை கட்டுகிறவள். அன்றைக்குத் தலையில் ஒட்டிய மரத்தூளைக்கூடத் தட்டாமல் ஓடி வந்திருந்தாள்.

"ஏங்க, இங்க வாங்க, இதைப் பாருங்க." பத்திரிகையை அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். "யாரு இது சொல்லுங்க."

"எது?"

"கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு? இடது பக்கத்துல ரெண்டாவது ஆளு. தாடையைப் பாருங்க. பலகை விழுந்து கிழிஞ்ச தழும்பு. நம்ம பெரியவன்தாங்க."

மிஷின்காரர் பார்த்தார். அவன்தான். தொப்பி ஒரு பக்கம் சாய்ந்திருக்க, வாய் நிறையப் பல். நாற்பத்தையாயிரம் தடவை அந்த முகம் அவர் கையைத் தாண்டிப் போயிருக்கிறது. மை சமமாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் அவர் பார்த்திருக்கிறார்.

"அண்ணே, மேட்டைப் பிடிச்சவனைப் பெத்தவரே," என்று சலூன்காரர் ஸ்டூலிலிருந்து குதித்துக் கட்டிக்கொண்டார். "இனிமே உங்களுக்கு என் கடையில காத்திருக்கிற வேலையே இல்லை. நேரா வந்து நாற்காலியில உட்காருங்க."

"உயிரோட இருக்கான்," என்றாள் மனைவி, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது போல. "அஞ்சு மாசம். ஒரு வாய் சோறு ஒழுங்கா இறங்கினதில்லை எனக்கு. சிரிக்கிறான் பாருங்க, களவாணிப் பய. கடுதாசி போட நேரமில்லை, போட்டோவுக்குச் சிரிக்க நேரம் இருக்கு."

கூட்டம் சிரித்தது. அவளும் சிரித்தாள், கண்ணீர் மூக்கு வழியாக இறங்க. மிஷின்காரர் மட்டும் சிரிக்கவில்லை. டிராயரில் கிடந்த பிளாக் நேற்று எடுத்த படமாக இருக்க முடியாது. அது எவ்வளவு பழசு என்பதுதான் தெரியாது. பிளாக்கின் முதுகில் தேதி எழுதியிருக்கும். அவசரத்தில் அவர் திருப்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அவள் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். அதைப் பார்த்துக்கொண்டே அவர் கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே நிருபர் வந்துவிட்டார். ஒல்லி மனுஷன், காதில் பென்சில். கூடவே சலூன்காரர், வழிகாட்டியாக.

"உங்க மகனைப் பத்தி என்ன நினைக்கிறீங்கம்மா?"

அவள் முந்தானையில் கையைத் துடைத்தாள். "என்னத்த நினைக்க. இளைச்சுப் போயிருக்கான். எப்ப வருவான்னு கேட்டுச் சொல்லுங்க."

"வேற பிள்ளைங்க?"

"இன்னொருத்தன் இருக்கான். சின்னவன். மில்லுல கட்டை உருட்டுறான். இருபது வயசு."

"ரொம்ப நல்லதும்மா," என்று நிருபர் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு போனார். அவ்வளவுதான் பேச்சு. மிஷின்காரர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

அச்சகத்துக்குப் போனதும் முதல் வேலையாக பிளாக்கைத் திருப்பினார். முதுகில் பென்சிலால் எழுதியிருந்தது: பயிற்சி முகாம், புதிதாகச் சேர்ந்தவர்கள். கீழே தேதி. பதினாலு மாதத்துக்கு முந்தியது. சேர்ந்த முதல் வாரம். புது பூட்ஸ் கொடுத்தார்கள் என்று அந்த வாரம்தான் அவன் கடிதம் எழுதியிருந்தான். அதற்குத்தான் இந்தச் சிரிப்பு.

பகல் ஒரு மணிக்கு மிஷினிலிருந்து முதல் தாள் வந்தது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக அவர் மையைப் பார்க்காமல் எழுத்தைப் படித்தார். வீரத்தாய் முழக்கம் என்று தலைப்பு. 'ஒரு மகனை மேட்டுக்குக் கொடுத்தேன். இன்னொரு மகன் இருக்கிறான். அவனையும் தருகிறேன். எடுத்துக்கொள்ளுங்கள்.'

மிஷினை நிறுத்திவிட்டுப் படியேறினார்.

"ஐயா, என் சம்சாரம் இதைச் சொல்லலைங்க. நான் கூடவே நின்னேன்."

ஆசிரியர் டீயை உறிஞ்சினார். குரல் நல்லபடியாகத்தான் இருந்தது. "வாயால சொல்லாட்டி என்னப்பா, பெத்த மனசுல இருக்கும். நம்ம ஆளு அதை எடுத்து எழுதியிருக்கார்."

"படமும் பழசுங்க. பதினாலு மாசம் ஆச்சு. அதுல நிக்கிறது என் பையன்."

இதற்கு மட்டும் அவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு டம்ளரை வைத்தார். "உன் பையன் பட்டாளத்தானா இல்லையா?"

"ஆமாங்க."

"சிரிக்கிறானா இல்லையா?"

"சிரிக்கிறான்."

"அப்புறம் எது பொய்? நேத்து நாற்பத்தையாயிரம் வித்திருக்கு. ஊரே ஒரு ஆள் மாதிரி எழுந்து நிக்குது. நாற்பது நாளா உட்கார்ந்து அழுத ஊரு இது. அதைப் போய் நீ உட்காரச் சொல்வியா? கீழ போ. மிஷின் நிக்குது."

கீழே போனார். மிஷினை ஓட்டினார். ஓட்டாமல் என்ன செய்வது, இன்னொருத்தன் ஓட்டுவான். ஆனால் சாயங்காலம் கிளம்பும்போது பிளாக்கைத் துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்குள் நுழைய இடமில்லை. மில்லில் வேலை பார்க்கிறவர்கள், தெருவாசிகள், யாரென்றே தெரியாதவர்கள். நடுவில் சின்னவன், தலையை நீர் விட்டு வாரி, முகமெல்லாம் ஜொலிக்க.

"அப்பா, பேர் கொடுத்துட்டேன். நாளைக்கு ஒன்பது மணிக்கு மார்க்கெட் மைதானத்துல லாரி. மில்லுல இருந்து மட்டும் பதினோரு பேரு."

"யாரைக் கேட்டுடா கொடுத்த?"

"யாரைக் கேக்கணும்? அம்மாவே ஊரறியச் சொல்லியாச்சு."

அடுப்படியில் நின்ற அவள் கரண்டியோடு வெளியே வந்தாள். "நான் எப்படா சொன்னேன்?"

"பேப்பர்ல இருக்கேம்மா."

"இளைச்சிருக்கான், எப்ப வருவான்னுதான் கேட்டேன்."

"அண்ணி, இப்படிப் பேசலாமா," என்று சலூன்காரர் முன்னால் வந்தார். பொய் சொல்கிற முகம் இல்லை அது, உண்மையாகவே கலங்கியிருந்தது. "நான் பக்கத்துலதானே நின்னேன். எடுத்துக்கோங்கன்னு நீங்க சொன்னப்ப எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. வீட்டுல போய் என் சம்சாரத்துக்கிட்டச் சொல்லி அழுதேன்."

"எதைக் கேட்டு அழுத நீ?" என்றார் மிஷின்காரர், மிஷின் சத்தத்தில் பேசுகிற தொண்டையில். "காலையில அழுதியா, பேப்பர் வந்தப்புறம் அழுதியா?"

"கேட்டதும்தான் அண்ணே. என் காதால கேட்டேன்."

அவள் எல்லார் முகத்தையும் பார்த்தாள். எல்லாம் அவளைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தன. அவளை இத்தனை பேர் அப்படிப் பார்த்தது அவள் ஆயுளில் இல்லை.

"சந்தோஷத்துல வாய் தவறிச் சொல்லியிருப்பேனோ," என்றாள் மெதுவாக. "எனக்கு ஞாபகமில்லை."

மிஷின்காரருக்கு அதுதான் பயமாக இருந்தது. வெளியே பாட்டு, உள்ளே கைத்தட்டல். வருகிறவர் போகிறவர் யாரும் கடைசிவரை அவர்களைத் தனியாக விடவில்லை. அவள் பாய் விரித்தபோது மில் பெண்கள் நாலு பேர் அவளோடேயே படுத்துவிட்டார்கள்.

விடிந்தது. சின்னவன் ஏழரைக்கே கிளம்பிப் போய்விட்டான். நண்பர்களோடு ஊர்வலமாக வரப்போவதாகச் சொன்னான். மில் பெண்களும் அவன் பின்னாலேயே போனார்கள். மழை பிடிக்கும் போலிருந்தது. வானம் கட்டி நின்றது. அவள் உலர்ந்த துணியை எடுக்கக் கொல்லைப் பக்கம் போனாள். மிஷின்காரர் பின்னாலேயே போய், துணி துவைக்கிற கல் மேல் பிளாக்கை வைத்தார்.

"இது என்ன?"

"முந்தாநாள் படம். இதை வச்சுத்தான் அடிச்சேன்."

அவள் தகட்டை விரலால் தொட்டாள். "இதுல பெரியவன் எங்க?"

அவள் விரலைப் பிடித்து இடமிருந்து இரண்டாவது என்பதை வலமிருந்து எண்ணிக் காட்டினார். பள்ளத்தில் வைத்தார். "இதான் அவன் பல்லு." பிறகு கட்டையைத் திருப்பித் தேதியைப் படித்தார். முகாம், புதிதாகச் சேர்ந்தவர்கள், எல்லாம். குரலை இறக்கிப் படிக்க அவருக்கு வரவில்லை; அடுத்த வீட்டுக் கோழி திரும்பிப் பார்த்தது.

"யாரு இதை எடுத்துப் போட்டது?"

"நான்தான்."

"தெரிஞ்சா?"

"சத்தியமாத் தெரியாது. சிரிக்கிற முகமா ஒண்ணு எடுன்னாரு. தடவிப் பார்த்து எடுத்தேன்."

"ரெண்டு நாளாத் தெரியுமா?"

அவர் தலையாட்டினார். கையிலிருந்த துணியால் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். இன்னொன்று. மூன்றாவதுக்குக் கை எழவில்லை.

"ரெண்டு தட்டுச் சோறு தின்னேன்," என்றாள். "பார்த்துக்கிட்டே இருந்தீங்களே."

"தின்னட்டுமேன்னுதான்."

"அப்ப என் புள்ள எங்க?"

"தெரியலை."

அவள் சேலையை இழுத்துச் செருகினாள். "எங்கன்னு தெரியாம இருக்க ஒருத்தன் போதும்."

மில்லில் மூட்டை தூக்குகிற நடை அவளுடையது. அவரால் கூட நடக்க முடியவில்லை, ஓடினார். வழியெல்லாம் அவளைப் பார்த்துக் கை தட்டினார்கள். மைதானத்தில் தலை தலையாக ஜனம். கட்டடத்து மேலெல்லாம் ஆள். பாண்டு வாத்தியக்காரர்கள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். லாரியின் பின்பக்கம் திறந்திருந்தது. பக்கத்தில் மேசை போட்டு, ஆளெடுக்க வந்த அதிகாரி பேரேட்டில் பேர் எழுதிக்கொண்டிருந்தார். சின்னவன் லாரிமேல் நின்றான், சட்டைப் பொத்தானெல்லாம் போட்டு, நாலு பேர் தோளில் கையைப் போட்டுக்கொண்டு.

"வீரத்தாய் வந்தாச்சு, வழி விடுங்க, வழி விடுங்க." சலூன்காரர் கூட்டத்தைப் பிளந்தார். அவள் வாய் திறக்குமுன் யாரோ தூக்கி லாரியின் ஏணியில் ஏற்றிவிட்டார்கள்.

மிஷின்காரர் சலூன்காரரின் கையைப் பிடித்து பிளாக்கைக் காட்டினார். "இங்க பாருய்யா. பதினாலு மாசத்துப் படம் இது. தேதி பாரு."

சலூன்காரர் தகட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "இதுல என்னண்ணே தெரியுது? ஒரே கருப்பா இருக்கு. பேப்பர்ல எவ்வளவு தெளிவா இருந்துச்சு." சொல்லிவிட்டு மறுபடி கை தட்டப் போய்விட்டார்.

மேலே அவள் சின்னவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள்.

"இறங்குடா."

"அம்மா, மானத்தை வாங்காத. எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும். நான் உன்னை யாருக்கும் தரலை."

"சொல்லிட்டு இப்ப மாத்துறியேம்மா. நாளைக்கு நான் எப்படி மில்லுல தலை காட்டுறது?"

அப்போது நிருபர் ஏணியில் தொற்றி ஏறினார், நோட்டும் பென்சிலுமாக. "அம்மா, வழியனுப்புற நேரத்துல ஒரு வார்த்தை."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என் புள்ளையை விடுங்க," என்றாள்.

நிருபர் எழுத ஆரம்பித்தார். அவள் எழுதப் படிக்கத் தெரியாதவள். ஆனால் மில்லில் இருபது வருஷமாகக் கணக்குப்பிள்ளை மூட்டைக்கு ஒரு கோடு போடுவதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தவள். அவள் கட்டிய மூட்டைக்கு ஒரு கோடு குறைந்ததும் கிடையாது, கூடியதும் கிடையாது. பென்சில் போவதையே பார்த்தாள். ஒரு வரி போயிற்று. இரண்டாவது வரி. மூன்றாவது வரிக்குத் திரும்பியது.

"நிறுத்துங்க. நான் சொன்னது மூணு வார்த்தை. நீங்க இத்தனை நேரமா என்ன எழுதுறீங்க?"

"சும்மா, கொஞ்சம் சேர்த்து..."

நோட்டை வெடுக்கென்று பிடுங்கினாள். மகனின் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். "நீ படிச்சவன்தானே. நான் என்ன சொன்னேன்னு உன் காதால கேட்ட. அவன் என்ன எழுதியிருக்கான்னு படி. சத்தமாப் படி."

சின்னவன் படித்தான். "என் பிள்ளையை விடுங்கள், போர்க்களம் அவனை அழைக்கிறது என்று..." அந்த இடத்தில் குரல் கொஞ்சம் தட்டியது. "என்று தாய் முழங்கினாள். தடுக்க வந்தவர்களைத் தள்ளிவிட்டு..." பாண்டுச் சத்தத்தில் அவன் உதடு அசைவதுதான் கீழே தெரிந்தது. நிறுத்தினான். நோட்டைப் பார்த்தான். தன் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்த அம்மாவின் கையைப் பார்த்தான். மறுபடி நோட்டைப் பார்த்தான்.

"இது இப்பதானே நடந்துச்சு," என்றான், யாரிடம் என்றில்லாமல். "நான் இங்கேயே நிக்கிறேனே."

"நேத்தும் இப்படித்தான்டா," என்று கீழேயிருந்து மிஷின்காரர் கத்தினார். அவர் தொண்டைக்குப் பாண்டு வாத்தியம் ஒரு பொருட்டில்லை. "படமும் பழசு. அண்ணன் மேட்டுல இருந்தான்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது."

லாரியில் நின்ற மில் பையன்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தன், "பயந்துட்டான்டா," என்றான். சின்னவன் முகம் செங்கல் நிறத்துக்கு வந்தது. நோட்டை நிருபர் கையில் திணித்தான். ஏணியில் ஒவ்வொரு படியாக, முதுகுப்புறமாக, அம்மாவின் கையை விடாமல் இறங்கினான். முன்வரிசையில் நின்றவர்கள் கை தட்டுவதை நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்களுக்குத் தலை அசைவது மட்டும்தான் தெரிந்தது. ஏறினானா இறங்கினானா தெரியவில்லை. இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

அவள் நேராக அதிகாரியின் மேசைக்குப் போனாள். அவர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பேரேட்டில் ஒரு பேரை ஏற்கெனவே கோடு போட்டு அடித்திருந்தார்.

"என் மூத்தவன் உங்ககிட்டத்தான் இருக்கான். அஞ்சு மாசமா கடுதாசி இல்லை. எங்க இருக்கான்னு கேட்டு எழுதணும்."

"நம்பர் தெரியுமாம்மா?"

மனப்பாடமாகச் சொன்னாள். அதிகாரி ஒரு தாளை எடுத்து எழுதினார். முதல் மழைத்துளி மேசையில் விழுந்தது. அவர் தாளைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதி முடித்தார். பேனா ஒரே வரியில் நின்றது. அவள் தாளைச் சின்னவன் பக்கம் நகர்த்தினாள்.

"என்ன எழுதியிருக்காருன்னு படிடா."

"அண்ணன் பேரு, நம்பர், இப்ப எங்கே இருக்கிறார்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

"சரி," என்றாள். "இதை அனுப்புங்க."